சிறைக்கு வெளியே ஒரு தண்டனை



குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஊருக்குள்ளேயே கண்காணிப்பில் வைத்துத் திருத்தும் முறையை ‘நன்னடத்தைக் கண்காணிப்பு’ என்கிறோம். நீதிமன்ற வட்டாரத்தில் புரொபேஷன் என்பார்கள். இதற்கு முன்னோடி யார் தெரியுமா? நீதிபதியும் இல்லை, வக்கீலும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்து விற்ற ஜான் அகஸ்டஸ் என்பவர்.

1841 ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அவர் நீதிமன்றத்தில் இருந்தார். கந்தல் உடையில் ஒரு குடிகாரரை அழைத்து வந்தார்கள். அகஸ்டஸ் அவரிடம் பேசிப் பார்த்தார். ‘இவர் இன்னும் கைவிட்டுப் போகவில்லை’ என்று தோன்றியது. தானே ஜாமீன் கொடுத்து வெளியே அழைத்துச் சென்றார். இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழியும் எழுதி வாங்கினார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தபோது, அவர்தானா இவர் என்று நீதிமன்றமே திகைத்தது. நீதிபதி விதித்த அபராதம் ஒரே ஒரு சென்ட். வழக்குச் செலவு தனி. சிறை இல்லை.

அகஸ்டஸ் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஜாமீன் கொடுத்தவர் அல்லர். ஆளின் பழைய நடத்தை எப்படி, வயது என்ன என்று விசாரிப்பார். இனி இவர் யாரோடு, எந்தச் சூழலில் வாழப்போகிறார் என்பதையும் பார்ப்பார். பிறகு வேலை தேடிக் கொடுப்பார், தங்க இடம் பார்ப்பார், சிறுவர்களைப் பள்ளியில் சேர்ப்பார். 1859-இல் மறையும் வரை இப்படி அவர் பொறுப்பேற்றவர்கள் 1,900-க்கும் மேல். எதிர்ப்பும் இருந்தது. ஒருவர் ஜாமீனில் போனால் சிறைக்காவலருக்குக் கிடைக்கவேண்டிய கட்டணம் போய்விடுமே!

1878-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கி, சம்பளத்துக்கு ஓர் அலுவலரை நியமிக்க வழி செய்தது. 1907-இல் இங்கிலாந்திலும் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணம் 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதைக் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இல் பிறந்தது.

அந்த 1958 சட்டத்தைப் படித்தால் அகஸ்டஸின் கேள்விகளே அங்கும் நிற்கின்றன. குற்றத்தின் தன்மையோடு குற்றவாளியின் குணத்தையும் பார் என்கிறது. அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ தொழிலோ உண்டா என்று பார் என்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் காரணத்தை எழுதிவை என்கிறது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கூடாது என்றும் சொல்கிறது.

சட்டம் இவ்வளவு சொல்லிவிட்டது. ஊர் என்ன சொல்கிறது?

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஆளுமையும் சூழலும் பற்றிப் பாடம் உண்டு. அதை எனக்குப் புரியவைத்தது வகுப்பறைதான். ஒரு பையன் ஒருமுறை பேனா எடுத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு எது காணாமல் போனாலும் நாற்பது ஜோடிக் கண்கள் அவன் பக்கமே திரும்பும். எப்படியும் திருடன்தானே என்ற எண்ணம் அவனுக்குள்ளேயே வேர்விட்டுவிடும். பக்கத்தில் உட்கார ஒரு நண்பன் கிடைத்தவன் மீண்டுவிடுவான். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஒருவருடைய குணத்தில் பாதி, சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையையே தண்டனையாக வைத்திருக்கிறது. முதல்முறை செய்த 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதில் ஒன்று. நாளை நம் தெருவைக் கூட்டவோ, மருத்துவமனையில் உதவவோ அப்படி ஒருவர் வரலாம்.

அவரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் நாமே இரண்டாவது தண்டனை கொடுத்தவர்கள் ஆவோம். வேலை முடிந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, “அடுத்து என்ன செய்யப் போறீங்க தம்பி?” என்று கேட்டால், சட்டம் தொடங்கியதை நாம் முடித்து வைத்தவர்கள் ஆவோம். நீதிபதியால் ஒருவரை ஊருக்குள் அனுப்பத்தான் முடியும். ஊரில் சேர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.