கடற்கரைக்குப் போன மாலைகள்

இம்மலருக்காகப் பழைய படங்களைத் தேடியபோது பரிசளிப்பு விழாப் படங்கள் எமக்குத் தாராளமாகக் கிடைத்தன. இல்ல விளையாட்டுப் போட்டி, கலைவிழா, மாணவத் தலைவியர் என்று பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தன. ஆனால் அம்மா அப்பாவுடன் ஞாயிற்றுக்கிழமை வெளியே போன படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. கமரா எல்லோர் வீட்டிலும் இருக்கவில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் பின்னால் வரும். படத்தில் இல்லாத அந்த மாலைகளை எழுத்திலாவது வைப்போம் என்ற எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

எமது வீடுகளிற் பெரும்பாலானவை சம்பளத்தை நம்பியவை. எழுதுவினைஞர், ஆசிரியர், கடைச் சிப்பந்தி என்று அப்பாமாரின் தொழில்; வாடகைக்கு எடுத்த அனெக்ஸ் வீடு; ஊரிலிருந்து படிக்க வந்து தங்கிய சித்தப்பாவோ மச்சாளோ எப்போதும் ஒருவர். மாதக் கடைசியில் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போவதென்றால் அது அம்மாவின் கணக்குக்கு உட்பட்டே நடக்கும். அந்தக் கணக்குக்கு வெள்ளவத்தை மிகவும் ஒத்துழைத்த ஊர். வடக்கே ஒரு கால்வாய், தெற்கே தெகிவளைக் கால்வாய், மேற்கே கடல். காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை எதிலே நடந்தாலும் அது கடலில் முடியும். பஸ் காசுகூட வேண்டாம்.

கடலுக்கும் எமக்கும் இடையில் தண்டவாளம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் போட்ட கரையோரப் பாதை அது. பாதையைக் கடக்கும்போது கையைப் பிடித்தபடி இருபக்கமும் பார்க்க வேண்டும் என்பதே நாம் கற்ற முதல் வீதி ஒழுங்கு. கடந்த பின் சிறிய மணற்கரையும் கற்பாறைகளும். நீந்தத் தெரிந்தவர்கள் கின்றோஸ் பக்கம் போவார்கள். அங்கே உயிர்காப்புக் கழகம் இருந்தது. நாம் கணுக்கால் நனையும் தூரத்துக்கு அப்பால் போக அனுமதிக்கப்படவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி அலைக்கு முன்னும் பின்னும் ஓடியதோடு சரி. வீடு திரும்பும்போது கச்சான் சுருள் ஒன்று. அப்பியாசக் கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். கச்சான் முடிந்ததும் தாளை விரித்து, எந்தப் பாடசாலைப் பிள்ளை கணிதத்தில் எத்தனை புள்ளி வாங்கியது என்று வாசிப்பதும் செலவில்லாத பொழுதுபோக்கே. எமது வகுப்புக் கொப்பி ஒன்று அப்படி வந்ததாகச் சிலர் சொல்வதுண்டு. நாம் அதை நம்பவில்லை.

சம்பளம் வந்த கிழமை காலிமுகத்திடல். 1856இல் தேசாதிபதி சேர் ஹென்றி வோட் தொடக்கி 1859இல் நிறைவேறிய நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி இதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லை அவர் நட்டுவைத்தார். அவர் மனத்தில் இருந்த பெண்கள் குதிரை வண்டியில் வந்த ஆங்கிலச் சீமாட்டிகள் என்பதில் ஐயமில்லை. நூறு வருடம் கழித்து அந்தக் கல்லைத் தாண்டி ஓடியவர்கள் இறால் வடைக்கு அடம்பிடித்த எமது தம்பி தங்கையர். பட்டம் வாங்கக் காசில்லாதபோது பிறர் விட்ட பட்டத்தை அண்ணாந்து பார்ப்போம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. 1956 ஜூன் 5ஆம் நாள் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் அடிபட்டதும் இதே திடலில்தான். அடுத்த சில மாதங்களுக்கு அம்மாமார் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. பிறகு போனோம்.

தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போவது விடுமுறைக்கு ஒருமுறை. 1936இல் அரசு பொறுப்பேற்ற தோட்டம். மாலையில் யானைகள் வரிசையாக வந்து ஆடுவதைப் பார்க்காமல் எவரும் திரும்புவதில்லை. அங்கே சீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததால் சாப்பாட்டுக்குக் கொடுக்க அம்மா சம்மதிக்கமாட்டார். வாழையிலையில் கட்டிய புளிச்சாதம் கூடவே வரும். 1877இல் சேர் வில்லியம் கிரெகரி கட்டுவித்த நூதனசாலைக்குப் பாடசாலையே கூட்டிச் சென்றது. முன்னர் விக்டோரியாப் பூங்கா எனப்பட்ட விகாரமகாதேவி பூங்கா அதற்கு அருகில் இருந்ததால் ஒரே பஸ் காசில் இரண்டும் முடிந்தன. மழை நாட்களில் 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். 1942இல் தோன்றிய இச்சங்கத்தின் வாசிகசாலையில் அப்பா பத்திரிகை பார்க்க, நாம் படக்கதைக்குச் சண்டை பிடிப்போம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாணவிகள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஜூன் 13 ஒன்றே போதும். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளன்று மதம் பாராமல் அந்தப் பகுதி முழுவதும் வீதிக்கு வந்துவிடும். சற்று நடந்தால் பொன்னம்பலவாணேசர் கோயில், சேர் பொன். இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தது. அதற்கும் வடக்கே முகத்துவாரம், களனி கங்கை கடலோடு கலக்கும் இடம். நாம் 102ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி அங்கே போவோம். அவர்கள் அதே பஸ்ஸில் ஏறி எமது கடற்கரைக்கு வருவார்கள். யாருடைய கடல் நல்லது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இவை எல்லாவற்றிலும் பெரியது ஆடிவேல். கதிர்காமத்துக்குத் திரளாக யாத்திரை போவதால் கொள்ளைநோய் பரவுகிறதென்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்த காலத்தில், நகரத்தார் கொழும்பிலேயே இவ்விழாவைத் தொடங்கினர் என்பர். செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டு பம்பலப்பிட்டிக்கு வரும். காலி வீதி நெடுகக் கரும்புக் கட்டுகள், வளையல், மிட்டாய், ஊதுகுழல். சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கரும்புத் துண்டோடு நான்கு மணித்தியாலம் போய்விடும்.

இவ்வளவையும் எழுதும்போது ஒன்று தெளிவாகிறது. இந்த உலாக்களுக்குக் காசு தேவைப்படவில்லை. வீதியில் தமிழில் பிள்ளையைக் கூப்பிடப் பயமில்லாத மனம் தேவைப்பட்டது. 1958இல் அம்மாமார் பொட்டை அழித்துவிட்டு வெளியே போனார்கள். 1977இல் மறுபடியும். 1983 ஜூலை 25ஆம் நாள் வெள்ளவத்தை எரிந்தது. அயலிலிருந்த சிங்களக் குடும்பங்கள் ஒளித்துவைத்துக் காத்தவர்களும், இரத்மலானை முகாமில் நாட்களைக் கழித்தவர்களும், கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்களும் எம்மில் உண்டு. அல்பங்கள் அன்று வீடுகளோடு போயின. படங்கள் இல்லாததற்கு இரண்டாவது காரணம் இதுவே. அடுத்து வந்த சில ஆண்டுகள் காலி வீதியில் வேல் வரவில்லை.

திரும்பி வந்தவர்களுக்கும், போரினால் வடக்கு கிழக்கிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும் கடற்கரை அதே இடத்தில்தான் இருந்தது. போவதற்குத்தான் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் வேண்டியிருந்தன. 1996 ஜூலையில் தெகிவளை நிலையத்தில் புகையிரதத்தில் குண்டு வெடித்துப் பலர் இறந்த பின், மாலை ஆறு மணிக்கு முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. 2007 ஜூன் 7ஆம் நாள் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த வருடங்களில் வளர்ந்த எமது இளைய உறுப்பினர்களிடம் சிறுவயது உலாவைப் பற்றிக் கேட்டால், மாடி வீட்டுப் பல்கனியிலிருந்து கடலைப் பார்த்ததைச் சொல்கிறார்கள்.

இப்போது தண்டவாளத்துக்கு அருகே மரைன் டிரைவ் ஓடுகிறது. மாலையில் தாய்மாரும் பேரப்பிள்ளைகளும் நடக்கிறார்கள், உரத்துத் தமிழ் பேசுகிறார்கள். கச்சான் இன்றும் உண்டு. பொலித்தீன் பையில் வருவதால் எவருடைய கணிதப் புள்ளியும் தெரியவருவதில்லை. 2022 மே 18ஆம் நாள், காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைத்து விளக்கேற்றிக் கஞ்சி வழங்கினார்கள். சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். 1956இல் அதே புல்வெளியில் நடந்ததை வீட்டில் கேட்டு வளர்ந்த எம்மில் சிலர் அந்த வரிசையில் நின்றோம்.

1983க்கு முன்னரே வெளிநாடு சென்ற சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் அல்பங்கள் எரியவில்லை. வேல் விழாவில், காலிமுகத்திடலில், வெள்ளவத்தைப் பாறைகளில் எடுத்த படம் ஒன்றேனும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும். அதில் எமது அம்மாவோ தம்பியோ ஓரத்தில் நிற்கவும் கூடும். பிரதி எடுத்து, பின்புறம் இடத்தையும் வருடத்தையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை.