பரிவும் மருந்தும்: கம்போடியாவில் சக நோயாளிகள் நடத்தும் நீரிழிவுப் பராமரிப்பு

நீரிழிவுப் பராமரிப்பில் சக நோயாளிகளின் பங்கைப் பேசுவோர் அவர்களுடைய பரிவையே முதலில் வைக்கிறார்கள். பரிவு வேண்டியதுதான். ஆனால் சக நோயாளியின் சொல் எடுபடுவதற்கு, அவர் கைகாட்டும் மருந்துக்கடையில் மருந்து இருக்க வேண்டும். அதன் விலையும் கட்டுப்படியாக வேண்டும். கம்போடியாவின் மோபோட்சோ அமைப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 25 வயதைக் கடந்தோரில் கம்போடியாவின் சியம் ரீப்பில் 5 விழுக்காட்டினருக்கும் கம்போங் சாமில் 11 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். 1975 முதல் 1979 வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில், மருத்துவர்களில் மிகப் பலர் கொல்லப்பட்டோ நாட்டைவிட்டு வெளியேறியோ போன நாடு அது. ஆயுள் முழுதும் கூட வரும் ஒரு நோயைக் கவனிக்க அப்போது அங்கே போதிய ஆள் இருக்கவில்லை.

2004இல் உருவான மோபோட்சோ, புனோம் பென் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பணியைத் தொடங்கிப் பின்னர் ஊர்ப்புறங்களுக்கும் சென்றது. அதன் பயிற்றுநர்கள் நீரிழிவு உள்ளவர்கள். முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். சிறுநீரில் சர்க்கரை காட்டும் பட்டைகள் வீடுகளுக்குப் போகும். சாப்பிட்ட பின் பட்டையை நனைத்துப் பார்த்து, நிறம் மாறினால் பயிற்றுநரிடம் வர வேண்டும். அவர் விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து உறுதி செய்வார். எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து நோயாளியின் குறிப்பேட்டில் பதிவார்.

ரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் தெரியும். ஆகவே தொடக்க நிலையினர் பலர் இந்தச் சோதனையில் தப்பிவிடுவார்கள். மருத்துவ நுட்பத்தை மட்டும் பார்த்தால் இது குறையே. ஆயினும் அந்தச் சூழலில் எடுத்த முடிவு சரியானது என்பேன். சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் எல்லோருக்கும் நோய்ப் பெயர் சூட்டுவதைவிட, உடனே கவனிக்க வேண்டியவர்களை மலிவாகக் கண்டறிவதே அறம்.

அடுத்த கண்ணிதான் முக்கியம். பயிற்றுநர் நோயாளியை அரசு மருத்துவமனை மருத்துவரிடம் சேர்க்கிறார். மருத்துவர் எழுதும் மாத்திரைகளை மோபோட்சோ சுழல்நிதியில் மொத்தமாக வாங்குகிறது; ஒப்பந்தக் கடைகள் அவற்றை நிர்ணய விலைக்குத் தருகின்றன. விற்ற பணத்தில் அடுத்த கொள்முதல் நடக்கிறது. இந்தக் கண்ணி இல்லையென்றால், ‘மாத்திரையை விடாதீர்கள்’ என்ற அறிவுரை வெறும் கண்டிப்பாகிவிடும்.

இதன் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. நோயாளி பணம் தந்தால்தான் நிதி சுழலும்; அறுவடை பொய்த்த மாதத்தில் மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துவார்கள். மலிவு விலை இவர்களுக்குப் போதாது. பரம ஏழைகளின் மருந்துச் செலவை அரசு நேரடியாக நிதிக்குச் செலுத்த வேண்டும். பயிற்றுநரின் உழைப்பைத் தொண்டு என்று புகழ்ந்து விட்டுவிடாமல், ஊதியத்துக்குரிய மருத்துவப் பணியாகவும் ஏற்க வேண்டும்.