எண் எழுதியவர்கள்

கோடம்பாக்கத்தில் எடிட்டிங் அறைக்குள் உதவியாளனாகச் சேர்ந்தவனிடம் உடனே கத்தரியைத் தந்துவிட மாட்டார்கள். முதலில் எண் எழுத வேண்டும். லேபிலிருந்து ரஷ் பிரிண்ட் வந்ததும் கிளாப் பலகை மூடும் ஃபிரேமைத் தேடிப் பிடித்து, ஒலிச்சுருளில் அதே ‘டக்’ எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் சிங்க் பண்ணி, எண்ணை நோட்டில் எழுதி வைப்போம். நானும் அப்படி வந்தவன்தான்.

அன்று எல்லாமே அடிக்கணக்கு. 35 எம்.எம். பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஓடும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரோல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். குறும்படக்காரர்கள் 16 எம்.எம். பக்கம் போனது அதனால்தான். அதில் அடிக்கு 40 ஃபிரேம் என்பதால் 400 அடியிலேயே அந்த 11 நிமிடம் கிடைத்துவிடும். அப்படியும் பிலிம், கழுவும் கூலி, பிரிண்ட் என்று செலவு இழுக்கும். டேக்குக்கு மேல் டேக் போக யாருக்கும் துணிச்சல் வராது.

மூவியோலா இயந்திரத்தில் பார்த்து, மெழுகுப் பென்சிலால் ஃபிரேமில் கோடு போட்டு, ஸ்ப்ளைசரில் வெட்டி டேப் ஒட்டுவோம். கையில் வெள்ளை நூல் கையுறை. மிஞ்சிய துண்டுகள் துணித் தொட்டிக்கு மேல் வரிசையாக ஊசிகளில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் சீன், ஷாட், டேக் எண் உண்டு. “அந்த குளோசப்ல இன்னும் எட்டு ஃபிரேம் குடுப்பா” என்று எடிட்டர் கேட்டால், அந்த அரையடித் துண்டை உடனே எடுத்து நீட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஷாட் எடுக்காததற்குச் சமம்.

டிஸ்ஸால்வ் வேண்டுமென்றால் லேபில் ஆப்டிகல் செய்யத் தனிக் காசு. கையில் பணமில்லாதவர்கள் நேர் கட்டிலேயே கதை சொல்லிப் பழகினார்கள். நெகட்டிவை வெட்டி சிமென்ட் வைத்து ஒட்டிய பிறகு மனம் மாறினால், ஓரத்து ஃபிரேம் திரும்ப வராது. அதனால் யோசனையெல்லாம் வெட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். இந்தப் பட்டறையில் தேர்ந்த எடிட்டர் பி.லெனின், ‘நாக்-அவுட்’ என்ற குறும்படத்தை இயக்கி 1992ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றார்.

1994இல் வந்த ‘மகாநதி’ ஆவிட் கணினியில் எடிட் செய்யப்பட்டது. 1999இல் ஃபைனல் கட் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருள் வந்தது. 2008இல் வீடியோவும் எடுக்கும் கேனன் 5டி மார்க் 2 கேமரா. பிலிம் செலவு அடியோடு போயிற்று. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ வழியாக கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் சினிமாவுக்குள் வந்தது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

பிலிமோடு சேர்ந்து உதவியாளனின் நோட்டும் போய்விட்டது. எனக்கு அதுதான் குறை. இன்று என்னிடம் வரும் ஹார்டு டிஸ்க்குகளில் பாதிக்குக் கிளாப் கிடையாது. ஒலி தனி ரெக்கார்டரில் இருக்கும். எந்த ஒலி எந்த ஷாட்டுக்கு என்று வாயசைவைப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். கார்டை அழித்ததும் எண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் கேமராவில், வேறு வேறு நாள் எடுத்த ஷாட்டுகள் ஒரே பெயரில் இருக்கும். ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடும். எடிட்டருக்கு ஒதுக்கிய சொற்பப் பணம் தேடுவதிலேயே கரைகிறது.

குறும்படம் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: புது கேமராவுக்கு வாடகை தரும் முன், ஓர் ஆளை நோட்டும் பேனாவுமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் அடியுங்கள். கார்டை அன்றிரவே தேதி போட்ட ஃபோல்டரில், இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை.