தமிழ்நாட்டில் மருத்துவக் கஞ்சா

மருத்துவக் கஞ்சா என்பது மருத்துவரின் மேற்பார்வையில் வலி தணிக்கவும் நோய்க்கும் பயன்படும் கஞ்சாவைக் குறிக்கும். அமெரிக்காவில் 1996-ல் கலிபோர்னியா இதற்கு வாக்கெடுப்பின் மூலம் அனுமதி அளித்தது. அங்கே பல மாநிலங்களில் நோயாளி மருத்துவரின் சான்றைக் காட்டி அரசிடம் அட்டை பெற்று, உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்கிறார். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட அட்டையும் கடையும் இல்லை. ஆயினும் கஞ்சா இலை சேர்ந்த சித்த மருந்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

வரலாறு

சித்த மருத்துவத்தில் கஞ்சா பழைய சரக்கு. சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பர். ஐரோப்பிய மருத்துவம் இதைக் கருத்தில் கொண்டது கல்கத்தா வழியாக. அங்கே பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷானசி, வாதம், வலிப்பு, இசிவு நோய் ஆகியவற்றுக்குக் கஞ்சாவைக் கொடுத்துப் பார்த்து 1839-ல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

பிரித்தானிய அரசு கஞ்சாவைத் தடை செய்யவில்லை, வரி வாங்கியது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழவே 1893-ல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள், 1,193 சாட்சிகள். சென்னை மாகாணமும் விசாரணைக்கு உட்பட்டது. வடஆற்காட்டின் ஜவ்வாது மலை அன்று கஞ்சா பயிரான இடங்களுள் ஒன்று. தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்த செஞ்சி, அவலூர்பேட்டை வட்டாரத்துக்கு அம்மலை தொலைவன்று. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தேவையில்லை என்று 1894-ல் ஆணையம் கூறியது. மருந்தாகப் பயன்படுவதையும் அது பதிவு செய்தது. இவ்வளவு விரிவான விசாரணை அதற்குப் பின் இந்தியாவில் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

இலையும் பூவும்

1961-ன் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை கஞ்சாவைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனால் பூங்கதிர் இல்லாத தனி இலையையும் விதையையும் அதன் வரையறை விலக்கியது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அதையே பின்பற்றியது. பூங்கதிரே கஞ்சா, ஒரு கிலோவுக்குள் இருந்தால் சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. மருத்துவ, அறிவியல் தேவைக்கு விலக்களிக்கும் வழியும் அச்சட்டத்திலேயே இருக்கிறது.

நோயாளிக்குப் பயன்படுவது இலை விலக்குதான். மருந்து விதிகளின் இ(1) அட்டவணை, கஞ்சாவை நச்சுச் சரக்குகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அது கலந்த மருந்தின் உறையில் மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆகவே அவலூர்பேட்டையில் இருக்கும் ஒரு நோயாளிக்குள்ள நேர்வழி, பதிவு பெற்ற சித்த மருத்துவரின் சீட்டும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் மருந்தும்தான். தானே செடி வளர்த்தால், நோய் எதுவாயினும், குற்றம்.

மார்பினோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். புற்றுநோயாளிகள் மார்பினுக்குப் பட்ட பாட்டைக் கண்டு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், பென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என அறிவிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எளிதாகப் பெற வழி செய்யப்பட்டது. அந்த ஆறில் கஞ்சா இல்லை.

2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டத்தின் வரையறை அப்படியே இருக்கிறது.