மிஸ்ஸா

மிஸ்ஸா (பெயர்ச்சொல்): கத்தோலிக்கரின் திருப்பலி, பழைய தமிழ் வழக்கில் பூசை.

லத்தீனில் ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல். வழிபாட்டின் முடிவில் குருவானவர் ‘இத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்று சொல்லி மக்களுக்கு விடைகொடுப்பார். அந்த விடைச்சொல்லே வழிபாடு முழுமைக்கும் பெயராயிற்று. போர்த்துகீசியத்திலும் ‘மிஸ்ஸா’தான்.

மராத்தியிலும் இச்சொல் வழங்குகிறது. புனேயில் மராட்டியப் பேஷ்வா சவாய் மாதவராவ் தந்த நிலத்தில் 1792-இல் தொடங்கிய கத்தோலிக்கக் கோயிலில் லத்தீன் பூசையே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தாய்மொழிகளுக்கு வழிதிறந்தது. வழிபாடு மராத்திக்கு மாறிய பின்னும் மராத்திக் கத்தோலிக்கர் நாவில் ‘மிஸ்ஸா’ நிலைத்திருக்கிறது.

பழைய லத்தீன் முறைக்குத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் தாராளமாக இடமளித்தார். அவருக்குப் பின்வந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் அதைக் கட்டுப்படுத்தினார். லத்தீனை நேசிப்போரைப் பழிப்பதும் தவறு, தாய்மொழி வழிபாட்டைத் தாழ்த்துவதும் தவறு.