கவிழ்ந்தால் எழும் படகு, எழாத படகு

நான் கடலோரத்துக்காரன் இல்லை. பாய்மரப் படகில் ஏறியதும் இல்லை. ஆனாலும் 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைப் பற்றி ஒரு தடவை படிக்க ஆரம்பித்தவன், இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை. இந்தக் குறிப்பும் அதன் விளைவுதான்.

இங்கிலாந்தின் கவ்ஸ் துறைமுகத்தில் கிளம்பி, அயர்லாந்துக்குத் தெற்கே இருக்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி, அப்போது பிளிமத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சுமார் 600 கடல் மைல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று 303 படகுகள் கிளம்பின. 13 இரவு புயல் அடித்தது. போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள்.

புயல் புதுசில்லை. படகுகள் கவிழ்ந்த விதம்தான் கேள்வி. விசாரணைக் குழுவுக்குப் பதில் அனுப்பிய படகுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பாய்மரம் தண்ணீரைத் தொடும் நிலையையும் தாண்டிப் புரண்டிருந்தன. அவற்றில் சில, தலைகீழாகவே நிமிடக்கணக்கில் மிதந்திருக்கின்றன.

இது ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகணும். பெரிய படகும் சின்னப் படகும் ஒரே பந்தயத்தில் ஓடினால் சின்னதற்கு நேரச் சலுகை தரணும் இல்லையா? அதைக் கணக்கிட 1970-ஐ ஒட்டி பிரிட்டிஷ், அமெரிக்க விதிகளை இணைத்து ஐ.ஓ.ஆர். என்ற சர்வதேச விதி வந்தது. படகின் சில புள்ளிகளை அளந்து சூத்திரத்தில் போட்டால் ஒரு எண் வரும். எண் குறைந்தால் சலுகை கூடும். வடிவமைப்பாளர்கள் கடலை விட்டுவிட்டுச் சூத்திரத்தைப் பார்த்துப் படகு வரைய ஆரம்பித்தார்கள். அளவெடுக்கும் இடத்தில் மட்டும் உடம்பு புடைத்திருக்கும், மற்ற இடத்தில் ஒடுங்கிவிடும்.

இதில் ஆபத்தானது நிலைத்தன்மைக் கணக்கு. அமைதியான துறைமுகத்தில் படகை லேசாகச் சாய்த்து, எவ்வளவு எளிதாகச் சாய்கிறது என்று பார்ப்பார்கள். எளிதாகச் சாய்ந்தால் சலுகை! அதனால் கீலில் இருக்க வேண்டிய ஈயத்தைக் குறைத்து, எடையை மேலே படகின் வயிற்றுக்குள் கொண்டுவந்தார்கள். (கீல் என்பது அடியில் துடுப்பு போலத் தொங்கும் கனமான பகுதி. நம்ம ஊர்ப் படகில் அடிமரத்தை ஏரா என்பார்கள். ஆனால் ஈயம் தாங்கும் இந்தத் தொங்குதுடுப்பு வேறு சங்கதி.) பாயைத் தாங்கும் வலு வேறெங்கிருந்து வரும்? அகலத்திலிருந்தும், விளிம்பில் வரிசையாக உட்காரும் ஆட்களின் எடையிலிருந்தும்.

தஞ்சாவூர் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடும், எடை அடியில் இருப்பதால். மணைப்பலகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்க. சுலபத்தில் சாயாது, ஆனா புரட்டிவிட்டால் புரண்டபடியே ஆனந்தமாக மிதக்கும். அகலப் படகுகள் மணைப்பலகைப் பக்கம் நகர்ந்துவிட்டன.

கிரிமால்கின் என்ற 30 அடிப் படகு அப்படித் தலைகீழாகக் கிடந்தபோது அதன் தலைவர் டேவிட் ஷீஹன் தண்ணீருக்கடியில் மாட்டிக்கொண்டார். விடுவிக்கக் கயிற்றை அறுத்தார்கள். படகு நிமிர்ந்தபோது அவரை அலை கொண்டுபோய்விட்டது. உயிர் போய்விட்டதாக நினைத்து இருவரைப் படகிலேயே விட்டுவிட்டு, மற்ற மூவரும் மிதவையில் ஏறிப் போனார்கள். அந்த இருவரில் நிக் வார்ட் பிழைத்தார். கைவிட்டுப் போன படகு மூழ்கவே இல்லை. அந்தப் பந்தயத்தில் கைவிடப்பட்ட 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான்.

அதே புயலில், மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று: அசெண்ட் என்ற கான்டெஸா 32. ஒடுக்கமான, பழைய பாணிப் படகு. எடையில் ஏறக்குறைய பாதி கீலில். பிறகு கணக்கிட்டுப் பார்த்தார்கள். கிரிமால்கின் 120 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பே எழும் சக்தியை இழந்துவிடுகிறது. கான்டெஸா 150-ஐத் தாண்டியும் எழப் பார்க்கிறது. இந்த ஒப்பீட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னர் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் வைத்துச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பாய்மரம் முறிந்தால் மேல் எடை போய்ப் படகு பத்திரமாகிவிடும் என்றுதானே நினைப்போம்? தலைகீழ். அந்த நெடிய கம்பத்தின் எடைதான் திடீர் உருளலை எதிர்க்கிறது. அது போனால் அடுத்த அலை இன்னும் சுலபமாக உருட்டிவிடும்.

பாடம் படித்தார்களா? முழுசாக இல்லை. 1996-97 வாண்டே குளோப் பந்தயத்தில், தெற்குப் பெருங்கடலில் டோனி புல்லிமோரின் கீல் முறிந்து படகு கவிழ்ந்தது; கவிழ்ந்த கூட்டுக்குள்ளேயே நாட்கணக்கில் உயிரோடிருந்தவரை ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டது. ஆனால் தியெரி துபுவாவின் படகில் கீல் உடையவே இல்லை. வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தும் அந்த அகலமான உடம்பைத் திருப்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு விதி கடுமையானது. இப்போது இந்த வகைப் புதுப் படகைத் துறைமுகத்தில் கிரேன் வைத்துக் குப்புறக் கவிழ்க்கிறார்கள், உள்ளே ஆளோடு. உள்ளிருப்பவர் கீலை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். படகு மெல்லச் சுழன்று, தண்ணீர் வடிய வடிய எழுந்து நிற்கிறது. அதுவும் அலையில்லாத துறைமுகத் தண்ணீரில்தான்.