பழைய லினக்ஸைப் புதுப்பிக்கும் கிரமம்

சமவெளியின் ஜமீன்களை ஒழிக்க 1948-ல் சட்டம் பிறந்த பின்னரும், கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது என்பதை அறிந்தவர்களுக்கு, கீழே கள்ளக்குறிச்சியில் ஒரு யுகமும் மேலே வெள்ளிமலையில் வேறொரு யுகமும் ஏககாலத்தில் நடைபெறக்கூடும் என்பது ஆச்சரியமாகத் தோன்றாது. கணிப்பொறிக்குள்ளும் அத்தகைய கால பேதம் உண்டு.

கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த 2011-ல் அரசு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்தில், சென்னை சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் குடியிருந்தது. அதை எத்தனை மாணவர்கள் திறந்து பார்த்தார்கள் என்று விசாரிப்பது நாகரிகமன்று. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது அரசு அலுவலகங்களும் பாஸுக்கு மாறும்படி பணிக்கப்பட்டன. பாஸைப் பராமரிக்க ஒரு நிறுவனம் இருந்தது. ஆனால் 1999-ல் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ வழிகாட்டியைப் பின்பற்றி, மூலநிரல் ஒவ்வொன்றையும் தம் கையால் கம்பைல் செய்து அமைப்பைக் கட்டியவருக்கு அவரே நிறுவனம், அவரே சேவகர். அவர் சில வருஷங்கள் அசட்டையாயிருந்தால் அமைப்பும் அவர் கைவிட்ட வருஷத்திலேயே நின்றுவிடும்.

அதை ஒரே தாவலில் நிகழ்காலத்துக்குக் கொண்டுவர இயலாததன் காரணம், கருவிகள் ஒன்றையொன்று பெற்றெடுக்கும் விசித்திரமான வம்சாவளியில் இருக்கிறது. கம்பைலரும் ஒரு நிரலே. அதைக் கட்ட முந்தைய கம்பைலர் வேண்டும். சி மொழி மட்டுமே அறிந்த பழைய கருவியால் ஜிசிசி என்ற கம்பைலரின் 4.7-ஐக் கட்டலாம், 2013-ல் வந்த 4.8-க்கோ சி++ தேவை என்பதால் அதை 4.7 கட்டித்தர வேண்டும். 2021-ல் வந்த 11-ஆம் பதிப்போ 4.8-க்குக் குறைந்ததைத் தீண்டாது. இதற்கிடையில் நிரல்களுக்கெல்லாம் ஆதாரமான சி நூலகம், 2017-ல் வெளியான ஜிலிப்சி 2.26, அமைப்பின் மையக்கருவான கெர்னல் 3.2-க்கு முந்தியதாயிருந்தால், அது மிகப் பழையது என்று சொல்லி இயங்க மறுத்துவிடும். ஆகவே கெர்னலை முதலில் உயர்த்தலாமென்றால், 5.15-ஆம் கெர்னல் ஜிசிசி 5.1-ஐயாவது கேட்கிறது. எனவே இடைக்காலத்துக் கெர்னல் ஒன்றில் சிறிது தங்கி, கம்பைலரை வளர்த்து, பிறகே மேலே செல்ல வேண்டியிருக்கிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப் போல, நேர்வழி குறுகியதாயினும் வண்டி அதில் ஏறாது.

இந்தப் பிரயாசையைச் சகிக்கத்தக்கதாக்குவது லினக்ஸ் கெர்னலைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் விடாமல் வற்புறுத்தி வரும் ஒரு நியதி: கெர்னல் புதிதாகலாம், அதன் மேல் ஓடிய பழைய நிரல்கள் அதனால் முறியலாகாது. ஜாகீர் போன மலைவாசிகளுக்கு இப்படியொரு உறுதியை எந்த நிர்வாகமும் அளித்ததில்லை என்பது என் அபிப்பிராயம். அனுபவஸ்தர்கள் இந்த நியதியை நம்பி முதலில் கெர்னலை மட்டும் மாற்றி ஒருமுறை துவக்கிப் பார்ப்பார்கள். கருவிகளைத் தனிக் கோப்புறையில் கட்டி, எல்லாம் சரிவர இயங்கிய பிறகே பழையவற்றின் ஸ்தானத்தில் அமர்த்துவார்கள். பழைய கெர்னலையும் துவக்கப் பட்டியலிலிருந்து நீக்கமாட்டார்கள், புதியது எழ மறுத்தால் திரும்பி வர அதுவே எளிய வழியாதலால்.